செமி சாஃப்ட் என்ற பெயரும் ஒரு புட்டித் திரவமும்

நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் ஆர்.ஜி.பி. கான்டாக்ட் லென்ஸுக்குச் 'செமி சாஃப்ட்' என்று ஒரு பெயர் வழங்கி வருகிறது. கெட்டியான பிளாஸ்டிக்கினால் ஆனதும், அழுத்தினால் விரிசல் விட்டு உடையக்கூடியதும், ஆயினும் பிராணவாயுவைத் தன்னூடே கருவிழிக்குச் செல்லவிடும் விசேஷ குணம் வாய்ந்ததுமான இந்த லென்ஸை, பழைய ஹார்டு லென்ஸிலிருந்து பிரித்துக் காட்டும் பொருட்டு யாரோ நல்லெண்ணத்தோடுதான் அவ்வாறு அழைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சாஃப்ட்' என்ற சொல் என் சகோதரியின் மகனை நான்கே நாளில் கண் மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

அவனுக்குக் கெரடோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்னே புடைத்துக்கொள்ளும் நோய். மூக்குக் கண்ணாடியால் திருத்த முடியாத அந்தப் பார்வையைக் கெட்டி லென்ஸ்தான் அவனுக்குத் திருத்தித் தந்தது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது திரவம் தீர்ந்துவிட, மருந்துக் கடையில் 'செமி சாஃப்ட் லென்ஸுக்கு சொல்யூஷன்' என்று கேட்டிருக்கிறான். கடைக்காரரும் சாஃப்ட் லென்ஸுக்குரிய புட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். லென்ஸ் மங்கிற்று, உறுத்திற்று. அழுக்கென்று எண்ணிக் குழாய் நீரில் கழுவி மீண்டும் அணிந்தான். கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாத நிலை வந்த பின்னரே வீட்டில் சொன்னான். தெய்வாதீனமாகத் தொற்று ஏற்படவில்லை. மருத்துவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, உன் லென்ஸ் எந்த மெட்டீரியல்?" என்பது. அவன் விழித்தான். வெளியே வந்ததும், "புட்டியில் லென்ஸ் சொல்யூஷன் என்றுதானே மாமா போட்டிருந்தது?" என்று என்னைக் கேட்டான். அவனுக்கு அன்று சொல்லத் தெரியாமற்போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவிழிக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. விழித்திருக்கும் வேளையில் அது தனக்கு வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே கண்ணீரின் வழியாக ஏற்றுக்கொள்கிறது. 1940-களின் இறுதியில் தோன்றிய பிளாஸ்டிக் லென்ஸ் அந்த வாயுவை அறவே தடுத்தது; 1970-களின் இறுதியிலிருந்து சிலிகானையும், பின்னர் ஃபுளோரினையும் சேர்த்துச் செய்த ஆர்.ஜி.பி. லென்ஸ்கள் அந்தக் குறையைத் தீர்த்தன. ஆனால் சிலிகான் நீரோடு ஒட்டாத வஸ்து. அதன்மேல் கண்ணீர் ஒரே சீராகப் பரவுவதில்லை. கண்ணீரிலுள்ள புரதமும் கொழுப்பும் அதில் எளிதிற் படிந்துவிடுகின்றன. ஆகையால் இந்த லென்ஸுக்கான திரவம் அழுக்கை நீக்குவதோடும் கிருமியைக் கொல்வதோடும் நில்லாமல், லென்ஸின்மேல் வழவழப்பான மெல்லிய பூச்சொன்றை ஏற்றிக் கண்ணீர் பரவுவதற்கு வழி செய்யவும் வேண்டும். சாஃப்ட் லென்ஸின் திரவம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும் வேறொரு பொருளுக்காக ஆக்கப்பட்டது. அதில் இந்த மூன்றாவது குணத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. லென்ஸ் மங்கியதும் உறுத்தியதும் இதனால்தான்.

கெட்டி லென்ஸுக்கென்றே வரும் திரவங்களுக்குள்ளும் பேதம் உண்டு. சுத்தம் செய்ய ஒன்று, இரவு ஊறவைக்க மற்றொன்று என இரு புட்டிகளாக வருவன ஒருவகை. இரண்டையும் ஒன்றே செய்வது மற்றொரு வகை. சுத்திகரிக்கும் திரவங்கள் சிலவற்றில் நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் கலந்திருக்கும். அவை படிந்த அழுக்கை நன்கு அகற்றுமாயினும், மேற்பூச்சு ஏற்றப்பட்ட லென்ஸ்களில் அந்தப் பூச்சையே சுரண்டிவிடும். கெடாமலிருக்கச் சேர்க்கும் குளோர்ஹெக்சிடின் போன்ற ரசாயனங்கள் சிலருடைய கண்ணுக்கு ஒவ்வாமல், அணிந்தவுடனே எரிச்சலையும் சிவப்பையும் உண்டாக்கும். அத்தகையோருக்கு மருத்துவர்கள் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு முறையைச் சொல்வதுண்டு. கிருமிநாசத்தில் அது மிகவும் வல்லது. ஆனால் அதனோடு வரும் பிரத்தியேகக் குப்பியில், பிளாட்டினம் பூசிய வட்டின் துணையால், குறைந்தது 6 மணி நேரம் இருந்து வெறும் உப்புநீராக மாறிய பிறகே லென்ஸைக் கண்ணில் வைக்க வேண்டும். மாறாத பெராக்சைடு கண்ணிற் பட்டால் தீப்பட்டாற்போல் எரிந்து கருவிழியைப் புண்ணாக்கும். அவ்வாறு மாறிய உப்புநீருக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது என்பதால், லென்ஸை நாட்கணக்கில் அதிலேயே விட்டு வைப்பதும் தகாது. இவற்றுள் எது தனக்கு ஏற்றது என்பதை லென்ஸின் மெட்டீரியலும் அணிபவரின் கண்ணுமே தீர்மானிக்க வேண்டுமேயன்றி, கடையில் இருப்பதும் விலை குறைந்ததும் தீர்மானிக்கலாகாது.

குழாய் நீரைப் பற்றி நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். கெட்டி லென்ஸைச் சுத்தம் செய்தபின் குழாய் நீரில் அலசலாம் என்று முன்னாளில் அணிந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுண்டு. அந்த உபதேசம் இன்று கைவிடப்பட்டுவிட்டது. மொட்டைமாடித் தொட்டியிலும், கிணற்றிலும், குளத்திலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் வாழக்கூடும். அது தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு குளோரினையும் தாக்குப்பிடிக்கும். கருவிழிக்குள் புகுந்துவிட்டாலோ மாதக்கணக்கில் சிகிச்சை செய்ய நேரும், பார்வையே போனாலும் போகலாம். கேனில் வரும் குடிநீரும் காய்ச்சி ஆறிய நீரும் குடிப்பதற்கு நல்லவை. லென்ஸுக்கு அவையும் ஆகா. பேருந்தில் போகும்போது கழன்ற லென்ஸை வாயில் போட்டு ஈரமாக்கி மாட்டிக்கொள்வோரையும் நான் பார்த்திருக்கிறேன். அது இன்னும் கொடிது.

லென்ஸ் ஊறும் டப்பாவில் மிஞ்சிய பழைய திரவத்தின்மேலேயே புதியதை ஊற்றி நிரப்பும் பழக்கமும் சிக்கனம்போல் தோன்றி நஷ்டத்தில் முடிவது. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று கான்டாக்ட் லென்ஸ் அணிவோரிடையே பரவி, 164 பேருக்கு உறுதி செய்யப்பட்டபோது, ஒரு குறிப்பிட்ட சாஃப்ட் லென்ஸ் திரவத்தோடு அதற்குத் தொடர்பிருப்பது தெரிந்து, அத்திரவம் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அந்த விசாரணையில் சந்தேகத்துக்குள்ளான பழக்கங்களில் இந்த மேல்நிரப்பலும் ஒன்று. தினமும் புதுத் திரவம். மூன்று மாதத்துக்கொரு முறை புது டப்பா. திறந்த புட்டியை லேபிளிற் குறித்த நாளோடு நிறுத்திவிடுதல், அது பல திரவங்களுக்கு 90 நாள்.

கண் சிவந்து, நீர் வடிந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸை உடனே கழற்றிவிட வேண்டும். ஆனால் அதை எறிந்துவிடலாகாது. லென்ஸும் டப்பாவும் புட்டியும் மருத்துவரிடம் போகட்டும், கிருமியைக் கண்டறிய அவை உதவும். அன்றே மருந்துக் கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்குவது பெரும் அபாயம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு சிவப்பைத் தணித்து நோய் தீர்ந்ததுபோல் காட்டும்; உள்ளே பூஞ்சையோ அகந்தமீபாவோ அதன் மறைவில் வளரும். அத்தகைய மருந்தைச் சீட்டின்றி விற்பது சட்டப்படி குற்றம் என்பதைக் கடைக்காரரும் நாமும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி நமக்குள்ள உரிமைகள். லென்ஸின் மெட்டீரியல் பெயர், அளவுகள், மேற்பூச்சு உண்டா என்ற விவரம், பரிந்துரைத்த திரவம் ஆகியவற்றை எழுதித் தரும்படி லென்ஸ் பொருத்தியவரிடம் கேட்டுப் பெறலாம். மருத்துவர் தம்மிடமுள்ள நோயாளியின் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. வாங்கிய பொருளால் தீங்கு நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருந்துகளாலும் மருத்துவச் சாதனங்களாலும் வரும் கெடுதிகளை நாடெங்கிலுமிருந்து திரட்டுவதற்கென ஏற்பட்டது அது. விற்றவர்மீது குறையிருப்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு. நஷ்டஈடு கோருவதாயின், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்யலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமும் கிடையாது. போதிய உபயோகக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமல் விற்ற உற்பத்தியாளரையும் அச்சட்டம் பொறுப்பாக்குகிறது. ஆனால் தீங்கு நேர்ந்தபோது பொருள் முறைதவறிப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்பனையாளர்மீது அத்தகைய வழக்குத் தொடர முடியாது என்றும் அதே சட்டம் கூறுவதால், பில்லையும், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட அட்டைப் பெட்டியையும் வைத்திருப்பதோடு, உள்ளே எட்டாக மடித்துக் கிடக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளையும் படித்துப் பார்த்து, புட்டி தீரும்வரை எறியாமல் வைத்திருக்க வேண்டும்.