காட்டையும் பார்த்துவிட்டுப் போங்கள்

பொத்துவில் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அறுகம்பைக் கடற்கரை மட்டுமே. அலைச்சறுக்கல் விளையாட்டினால் அது உலகறிந்த இடமாகிவிட்டது. எனினும் எங்கள் ஊரின் உண்மையான அழகு, கடலும் களப்பும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்தான் உள்ளது. விடுமுறைக்குக் குடும்பத்துடன் வர எண்ணுவோருக்காக இவ்வூர்ப் பெண்ணாகிய நான் சில விடயங்களைக் கூற விரும்புகின்றேன்.

முதலில் காலத்தைத் தெரிவு செய்யுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நாட்டின் தென்மேற்கில் மழையைப் பொழியும்போது எமது கிழக்குக் கரை வரண்டிருக்கும். கடலுக்கும் காட்டுக்கும் அதுவே ஏற்ற காலம். மார்கழி, தை மாதங்களில் வடகீழ் பருவமழை பெய்வதால் காட்டுப் பாதைகள் சேறாகிவிடும்.

மொனராகலை வழியாக வருபவர்கள் பொத்துவிலை அடைவதற்குச் சுமார் 15 கிலோமீற்றர் முன்பாக லகுகல தேசிய பூங்காவைக் கடப்பார்கள். வரட்சிக் காலத்தில் ஏனைய நீர்நிலைகள் வற்றிவிட, லகுகல குளத்தில் வளரும் உயரமான புல்லைத் தேடி யானைகள் கூட்டமாக வரும். மாலை நான்கு, ஐந்து மணியளவில் அவற்றைக் காணலாம். இருட்டுவதற்குள் புறப்பட்டுவிடுங்கள்.

அறுகம்பையிலிருந்து தெற்கே பாணமைக் கிராமத்தையும் தாண்டிச் சென்றால் உகந்தை வரும். கதிர்காமப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் காட்டுக்குள் நுழையுமுன் தங்கிச் செல்லும் முருகன் ஆலயம் இங்குள்ளது. அதன் சூழலில் மாமிச உணவுப் பொதிகளை விரிக்காமலிருப்பது நாம் காட்டும் மரியாதையாகும். முன்னர் 'கிழக்கு யால' என அழைக்கப்பட்ட குமண தேசிய பூங்காவின் நுழைவாயிலும் இதனருகேதான் இருக்கின்றது. போர்க்காலத்தில் மூடப்பட்டிருந்த இவ்வனம் 2003ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. இங்குள்ள 'குமண வில்லு' என்னும் சதுப்பு நிலத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. இதனுள் செல்ல ஜீப் வண்டி வேண்டும். விடியற்காலையில் சென்றால்தான் பறவைகளையும் விலங்குகளையும் நன்கு காணலாம்.

பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணியில் ஏற்றிச் சென்று கண்டல் காட்டைக் காட்டுவார்கள். கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஒளிந்து வளர்கின்றன. அக்காடு அழிந்தால் மீனவரின் வலையும் வெறுமையாகும். நீங்கள் கொடுக்கும் தோணிக் கூலி, கண்டலை வெட்டாமல் வைத்திருப்பதிலும் வருமானம் உண்டு என்பதை உணர்த்துகின்றது. களப்பில் முதலைகள் உள்ளபடியால் அங்கே குளிக்க இறங்க வேண்டாம்.

கடலில் குளிப்பவர்கள் எங்கு இறங்கலாம் என்பதை மீனவர்களிடம் கேட்டறியுங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் பதறிப்போய்க் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் நீந்தி, இழுவை குறைந்தபின் கரையேறுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகப் பல கடைகள் மூடப்படும். அதற்கேற்ப உணவு வேளையைத் திட்டமிடுங்கள். ஊரை விட்டுப் போகுமுன் எருமைத் தயிரைச் சுவைக்கத் தவறாதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான வேண்டுகோள் ஒன்றுண்டு. வீதியோரம் நிற்கும் யானைக்கு வாகனத்திலிருந்தபடி வாழைப்பழமோ பாணோ கொடுக்காதீர்கள். அதை இரக்கம் என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் அவ்வாறு பழகிய யானை காட்டில் இரை தேடுவதைக் குறைத்து வீதியிலேயே காத்து நிற்கும். பழம் கிடைக்காதபோது வாகனத்தை மறிக்கும். பழம் கொடுத்தவர் அன்று மாலையே ஊர் திரும்பிவிடுவார். மறுநாள் காலை அதே வீதியால் வயலுக்குச் சைக்கிளில் போகும் விவசாயியும், பாடசாலைக்குப் போகும் பிள்ளையும்தான் அந்த யானையின் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். முடிவில் மனித உயிரோ யானையின் உயிரோ பலியாகின்றது. உணவு மீதிகளையும் பொலித்தீன் பைகளையும் வீசிவிட்டுப் போவதும் இதே தீங்கையே செய்யும்.

எனவே ஒரு நாளில் ஓடி வந்து ஓடிப் போகாமல் இரண்டு இரவுகளாவது தங்குங்கள். வரும் வழியில் மாலையில் லகுகல, மறுநாள் அதிகாலையில் குமண, அன்று மாலை களப்பு, மூன்றாம் நாள் காலையில் கடல் என்று வகுத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கும் களைப்பிராது. காட்டில் சத்தம் குறைத்து, கொண்டு வந்த குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். அப்படி வரும் விருந்தினரை எங்கள் ஊர் என்றும் முகமலர்ந்து வரவேற்கும்.