கேட்பது என்கிற வினை

செவியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒற்றை உடலைப் பற்றியே பேசிவந்திருக்கிறோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகைப்படுத்தும்போது செவியை ஐந்தாவது அறிவாக வைக்கிறது. அது ஓர் உயிருக்குள் அடங்கிய அறிவு. ஏற்காட்டில் எனக்குப் பழக்கமான ஒரு தம்பதியைப் பார்த்த பிறகு இது போதாது எனப் படுகிறது.

அவர் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். ஐம்பதைத் தாண்டியதும் காது முழுக்கப் போய்விட்டது. பத்து வருஷம் மனைவிதான் காது. போன், சந்தை, துக்கவீடு எல்லாம் அந்த அம்மா வழியாகத்தான். பிறகு நிலத்தை விற்று காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டார்.

காதுக்குப் பின்னால் மாட்டும் பகுதி ஒலியை மின்குறிகளாக்கித் தோலுக்கடியில் அனுப்புகிறது. உள்செவிக்குள் செருகிய மின்முனைகள் நரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. சுமார் 3,500 உள்மயிர்ச் செல்களின் வேலையை 12 முதல் 22 வரையிலான முனைகள் செய்யவேண்டும். ஒலியின் கால அளவு தப்பிவிடுகிறது, சுருதி நைந்துபோகிறது. ஆகவே குறில், நெடில் பிடிபடும், ல, ள, ழ குழம்பும், பாட்டு இரைச்சலாகும்.

கருவியை இயக்கிய அன்று அந்த அம்மா "என்னங்க" என்றிருக்கிறார். "யாரோ ரேடியோவுக்குள்ளேருந்து கூப்பிடற மாதிரி இருக்கு" என்றாராம் இவர். சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். ஆனால் மூன்று தடவை சொன்னார். மாதங்கள் போக, மூளை பழகி, பழைய குரல் திரும்பியது. திரும்பியது குரலா, குரலின் ஞாபகமா? இதற்குள் வீட்டின் அதிகாரமும் இடம் மாறிவிட்டது. "இப்ப அவருக்கு எல்லாம் கேக்குது. என்னைத்தான் எதுவும் கேக்கறதில்லை." ஒரே வினைக்குள் தமிழ் ஒளித்துவைத்திருக்கும் இரண்டு அர்த்தங்களும் இங்கே மோதிக்கொள்கின்றன.

தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் இக்கருவியை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென வைத்திருக்கிறது. பிறவியிலேயே கேளாத மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் அது என்பது சரியான நியாயம். மொழி கைவந்தபின் காதை இழந்தவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. 1978இல் மெல்பர்னில் கிரேம் கிளார்க் தன் பல்முனைக் கருவியை முதலில் பொருத்தியதே விபத்தில் கேட்பிழந்த ஒரு பெரியவருக்குத்தான். வளர்ந்தவனின் செவியை அவனது சொந்த விவகாரமாக்கிவிட்டால், நிலம் உள்ளவனுக்கே கேட்கும்.

சேர்வராயன் மலையின் பனிமூட்டம் கருவிக்கு ஆகாது. ராத்திரி கழற்றி, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டுவிடுகிறார். அதன்பின் பழைய நிசப்தம்தான். அந்த அம்மாவுக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் விளக்கைப் போட்டு, உதடு தெரிய அவர் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.