நேர்முகத் தேர்வும் நன்னூலும்

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்பது தமிழர் மரபு. நம் மாணவர்க்கும் நாம் அதையே கற்பிக்கிறோம். ஆயின், வேலைக்கோ பயிற்சிக்கோ நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞனிடம், "உன்னைப் பற்றிச் சொல்" என்பதே பெரும்பாலும் முதல் வினாவாக வருகிறது. அங்கே அவன் தன் திறமையைக் கூறுதல் தற்புகழ்ச்சி ஆகுமா? இதற்கு நன்னூலிலேயே விடை இருக்கிறது.

மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றியது நன்னூல். எத்தனை அரிய நூல்களைச் செய்து முடித்தவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என்று அதன் பாயிரப் பகுதி விதிக்கிறது. ஆதலின், சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்துகொள்வதில்லை. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருள் ஒருவர் செய்வர். விண்ணப்பத்தோடு இன்று இணைக்கும் நற்சான்றிதழும் இத்தகையதே.

இவ்விதியை அடுத்து நான்கு விலக்குகளும் கூறப்படுகின்றன. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்து பேசலாம். முதல் விலக்கு விண்ணப்பக் கடிதத்துக்குப் பொருந்தும்; இரண்டாவது நேர்முகத் தேர்வுக்கென்றே சொல்லியது போல் அமைந்திருக்கிறது.

தேர்வாளர் நம்மை முன்பின் அறியாதவர். ஒழுங்காக வகுக்கப்பட்ட நேர்முகத் தேர்வில் எல்லோரிடமும் ஒரே வகை வினாக்களைக் கேட்டு, முன்னரே வகுத்த அளவுகோலின்படி புள்ளி இடுவர். பணித் திறனை முன்கூட்டி அறிய உதவும் வழிகளுள் இம்முறையே முதலிடம் பெறுகிறது என்று பால் சாக்கெட் முதலிய உளவியலாளர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இம்முறையில் சொல்லாத திறமைக்குப் புள்ளி கிடையாது.

நம் பேரா மாநிலத்துக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. எஸ்.பி.எம். முடித்து ஆசிரியர் கல்விக் கழகத்தில் சேர விரும்புவோர் நேர்முகத் தேர்வைத் தாண்ட வேண்டும். ஈப்போவை அடுத்த உலு கிந்தாவில் அக்கழகத்தின் வளாகம் இருந்தும், நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் சிலர் இந்த வாயிலிலேயே தயங்கி நின்றுவிடுகின்றனர். துரைக்கும் கிராணிக்கும் எதிரே தலைகுனிந்து, கேட்டதற்கு ஒரு சொல்லில் விடை சொல்வதே அன்றைய தோட்டத்தில் மரியாதை எனப்பட்டது. தோட்டங்கள் பல மறைந்த பின்னும் அப்பழக்கம் சில வீடுகளில் நிற்கிறது. தேர்வாளரோ அதைப் பணிவு என்று கொள்ளார். அறியாமை என்றே கொள்வர்.

அவ்வாறாயின், எப்படிப் பேசுவது? "நான் பொறுப்பானவன்" என்பது வெறும் புகழ்ச்சி. "பள்ளி நூலகத்தில் ஓராண்டு உதவினேன். வாசிக்கத் தடுமாறிய இரண்டு சிறுவர்க்கு எழுத்தட்டைகள் செய்து கொடுத்தேன். ஆண்டிறுதியில் அவர்கள் ஒரு கதையைத் தாமே வாசித்தனர்" என்பது சான்று. நிலைமை, தன் பொறுப்பு, செய்த செயல், விளைந்த பயன் என்னும் நான்கையும் இவ்வரிசையில் சொன்னால் தற்பெருமைக்கு இடமில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்லலாகாது. அடுத்த வினாவிலேயே அது வெளிப்பட்டுவிடும். தெரியாததைத் "தெரியாது" என்று தெளிவாகச் சொல்லலாம். தூய உடையும், குறித்த நேரத்துக்கு முன்னே சென்றிருத்தலும் சொல்லாமலே விளங்கும்.

திருக்குறளில் அவையறிதலை அடுத்தே அவையஞ்சாமை வைக்கப்பட்டுள்ளது. அவையை அறிந்தவனுக்கு அச்சம் குறையும். அந்நிறுவனத்தின் பணி யாது, கேட்கப்போவது மலாயிலா ஆங்கிலத்திலா என்பவற்றை முன்னரே அறிந்து, அம்மொழியில் வாய்விட்டுப் பழகுதல் வேண்டும்.

இப்பயிற்சியை எஸ்.பி.எம். முடியும்வரை தள்ளிவைக்க வேண்டியதில்லை. நான்காம் ஆண்டு முதலே வாரத்துக்கு ஒரு மாணவன், தான் செய்த ஒரு செயலை வகுப்பின் முன் இரண்டு நிமிடம் எடுத்துரைக்கட்டும். அவனுக்குப் பாடம் நடத்தாத வேறோர் ஆசிரியர் வந்து இரண்டு வினா கேட்கட்டும். நன்னூலின் அந்த இரு நூற்பாக்களையும் பிள்ளைகளுக்கு விளக்கிக் காட்டினால், தன் திறமையைச் சொல்வது தவறோ என்னும் ஐயமும் அவர்களை விட்டு நீங்கும்.