139 நாள் போராட்டம் சொல்லும் பாடம்
புனே திரைப்படக் கல்லூரியில் பேச்சுவார்த்தை பிந்தியதன் விலை

- நமது நாடாளுமன்ற நிருபர்

புதுதில்லி: புனேயில் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், 2025-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. பல்கலைக்கழகத் தகுதியோடு ஒரு பழைய கேள்வியும் அதன் வாசலில் காத்திருக்கிறது. நிர்வாகம் மாணவர்களுடன் எப்போது பேசுகிறது? முடிவெடுக்கும் முன்பா, போலீஸ் வந்து சென்ற பின்பா?

ஷியாம் பெனகல், அடூர் கோபாலகிருஷ்ணன், கிரீஷ் கர்னாட் போன்றோர் அமர்ந்த தலைவர் பதவிக்கு, 2015 ஜூன் மாதம் கஜேந்திர சௌஹான் நியமிக்கப்பட்டார். தொலைக்காட்சி 'மகாபாரத'த்தில் தருமராக நடித்தவர், பா.ஜ.க.வைச் சேர்ந்தவர். அவரது தகுதியையும், ஆட்சிக் குழுவில் வேறு சிலரது நியமனத்தையும் எதிர்த்து ஜூன் 12-ல் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் குழுவில் இடம்பெற மறுத்து விலகினார்.

"நியமனம் அரசின் உரிமை, என் பணியைப் பார்த்த பிறகு மதிப்பிடுங்கள்" என்பதே மறுதரப்பின் வாதம். அரசு நிதியில் இயங்கும் நிறுவனத்துக்குத் தலைவரை நியமிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், அதிகாரம் இருப்பது வேறு. அதற்கு விளக்கம் அளிப்பது வேறு.

ஜூலை 3-ல் தில்லியில் அன்றைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் அருண் ஜேட்லியை மாணவப் பிரதிநிதிகள் சந்தித்தனர். உடன்பாடு ஏற்படவில்லை.

நள்ளிரவுக் கைது

ஆகஸ்டில் நிலைமை முற்றியது. 2008-ம் ஆண்டு மாணவர்களின் முடிவடையாத படங்களை, உள்ளது உள்ளபடியே மதிப்பிட நிர்வாகம் முனைந்தது. கொதித்தெழுந்த மாணவர்கள் ஆகஸ்ட் 17-ல் இயக்குநரை அவரது அறையிலேயே முற்றுகையிட்டனர். மறுநாள் நள்ளிரவில் வளாகத்துக்குள் வந்த போலீஸார் ஐந்து மாணவர்களைக் கைது செய்தனர். முற்றுகை நியாயமல்ல, ஆனால் அதற்கு இடமளித்தது பல வார மௌனம்.

அதன் பிறகே, அப்துல் கலாமின் பத்திரிகைச் செயலாளராக இருந்த எஸ்.எம். கான் தலைமையில் மூவர் குழு புனேக்கு விரைந்தது. செப்டம்பர் 10-ல் உண்ணாவிரதம் தொடங்கியது. அம்மாத இறுதியில் அரசு மீண்டும் பேச அழைத்தது. கோரிக்கை ஏற்கப்படாமலேயே அக்டோபர் 28-ல், 139-ம் நாளில், மாணவர்கள் வகுப்புக்குத் திரும்ப முடிவு செய்தனர். அதே நாளில் திரைக் கலைஞர்கள் சிலர் தேசிய விருதுகளைத் திருப்பி அளித்தனர்.

2016 ஜனவரி 7-ல் சௌஹான் பொறுப்பேற்க வந்தபோதும் போலீஸ் பாதுகாப்புதான். எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்கள் பலரைப் போலீஸார் பிடித்துச் சென்றனர். 2017 மார்ச்சில் அவரது பதவிக்காலம் முடிந்தது. அவருக்குப் பின் அந்த அக்டோபரில் நியமிக்கப்பட்ட அனுபம் கேர், முன்னறிவிப்பின்றி வளாகத்துக்கு வந்து மாணவர்களைச் சந்தித்தார். ஓராண்டில் அவர் விலகினாலும், வாசலைத் திறந்து வைப்பது அத்தனை கடினமல்ல என்பதை அந்த வருகை காட்டியது.

வழக்கும் வாழ்த்தும்

முற்றுகை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் பாயல் கபாடியா. 2024-ல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில், 30 ஆண்டுகளுக்குப் பின் இடம்பெற்ற இந்தியப் படம் அவருடையது. இரண்டாவது உயரிய விருதான 'கிராண்ட் பிரி'யையும் வென்றது. "எங்கள் முன்னாள் மாணவி" என்று அதே நிறுவனம் வாழ்த்தியது. அப்போதும் வழக்கு முடிந்தபாடில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ம் ஆண்டு விதிகள், மாணவர் குறைதீர்ப்புக் குழுவையும் குறைகேள் அதிகாரியையும் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால், அவை சேர்க்கை, தேர்வு, கட்டணம் போன்ற குறைகளுக்கானவை. தங்களை வழிநடத்தப் போகிறவர் யார், ஏன் என்று மாணவர்கள் கேட்பதற்கு அங்கு இடமில்லை.

2023 செப்டம்பரில் இந்நிறுவனத்தின் தலைவராக நியமிக்கப்பட்டவர், தமிழ் ரசிகர்கள் நன்கறிந்த ஆர். மாதவன். யார் தலைவர் என்பதைத் தில்லி முடிவு செய்யலாம். அவர் மாணவர்களோடு அமர்ந்து பேசுவாரா என்பது புனேயில்தான் முடிவாகும். நியமன உத்தரவுக்கு முன் ஒரு மணி நேரம் பேசியிருந்தால், 139 நாள் வகுப்புகள் மிஞ்சியிருக்கலாம்.