தானாகப் பெரிதாகும் பட்டன்!

"சார்... இந்த லேப்டாப்புக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு சார்!"

போன மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நாகலூரில் ஒரே மூடுபனி. எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி ஓடி வந்தான் ஒரு பையன். ஏழாம் வகுப்பு. அவன் அம்மா காபித் தோட்டத்தில் வேலை செய்கிறார். பைக்குள் இருந்தது, அவன் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். பாவம், அதற்கும் வயதாகிவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் உடனே தூங்கிவிடும்!

சுவிட்சைப் போட்டோம். 'விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா?' என்று கேட்டு நின்றது திரை.

குட்டீஸ்... 2011ல் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்த பல லேப்டாப்களில் இப்படி இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. இரண்டாவதான 'பாஸ்', மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007ல் வெளியிட்டது.

பையன் சும்மா இருப்பானா? விண்டோஸுக்குள் போய், 'ஜிம்ப்' என்ற படம் வரையும் மென்பொருளைத் திறந்தான். பிறகு எல்லாவற்றையும் அணைத்து, பாஸுக்குள் போய் அதே ஜிம்பைத் திறந்தான். அதே தூரிகை, அதே பட்டன்கள், தூரிகையை வாயில் கவ்விக்கொண்டிருக்கும் அதே 'வில்பர்' பொம்மை!

"வீடு வேற வேற... ஜன்னல், கதவு மட்டும் எப்படி சார் ஒண்ணா இருக்கு?"

நல்ல கேள்வி. எனக்கே கம்ப்யூட்டர் பழக்கமானது பணி ஓய்வுக்குப் பிறகுதான். தெரிந்ததைச் சொன்னேன்.

நம் ஊர்த் தச்சர், ஒவ்வொரு வீட்டுக்கும் ஜன்னலைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறாரா? இல்லை. சட்டம், கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் அளவும் அச்சும் தயாராக வைத்திருப்பார். ஓட்டு வீடோ, மாடி வீடோ, பொருத்த வேண்டியதுதான். அதுபோல, கம்ப்யூட்டர் திரைக்கான ஜன்னல், பட்டன், பட்டியல், உருட்டுப் பட்டை எல்லாம் தயாராக உள்ள ஒரு கருவிப்பெட்டி இருக்கிறது. பெயர், ஜி.டி.கே. லினக்ஸ், விண்டோஸ், ஆப்பிளின் மேக் என்று எந்த 'வீட்டிலும்' அது பொருந்தும்.

இதைச் செய்தது பெரிய கம்பெனியா? கிடையாது! அமெரிக்காவில், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள். 1995ல் ஜிம்பை எழுதத் தொடங்கினர். அதன் பட்டன்களுக்கு, அப்போது விலைக்கு விற்ற 'மோட்டிஃப்' என்ற கருவிப்பெட்டியைப் பயன்படுத்தினர். ஜிம்ப் இலவசம், பட்டனுக்கோ காசு! அது இல்லாதவர்கள், ஜிம்பின் நிரல் கையில் இருந்தும் அதை உருவாக்க முடியாமல் தவித்தனர். வெறுத்துப்போன மேட்டிஸ், 'நாமே ஒரு பெட்டி செய்தால் என்ன?' என்று உட்கார்ந்துவிட்டார். அதுதான் ஜி.டி.கே.; ஜிம்ப் கருவிப்பெட்டி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். விண்டோஸுக்கு அதைக் கொண்டு போனவர், பின்லாந்து நாட்டைச் சேர்ந்த டோர் லில்க்விஸ்ட்.

இந்தப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. யாரும் எடுக்கலாம். அதைக்கொண்டு நீங்கள் கட்டும் வீடு உங்களுடையதே. ஆனால், பெட்டியில் உள்ள கருவியையே திருத்தி அடுத்தவருக்குக் கொடுத்தால், எப்படித் திருத்தினீர்கள் என்பதையும் திறந்து காட்ட வேண்டும். அதுதான் முக்கிய நிபந்தனை.

(ஒரு வேடிக்கை. பெட்டியின் 3வது பதிப்பு 2011லும், 4வது பதிப்பு 2020லும் வந்தன. யாருக்காகப் பெட்டி பிறந்ததோ, அந்த ஜிம்ப் 3வது பதிப்புக்கு மாறியது 2025ல்தான்!)

பையன் இதையெல்லாம் கேட்டபடியே பாஸின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டான். 'கோப்பு', 'திற', 'சேமி' என்று வந்ததும் அவன் முகம் மாறியது.

"அன்னைக்கே தமிழ்ல இருந்திருந்தா, அக்காவோட போட்டோ போயிருக்காது சார். இங்கிலீஷ்ல ஏதோ கேட்டுச்சு... தெரியாம அமுக்கிட்டேன்." பள்ளியின் கடைசி நாளில் தோழிகளோடு எடுத்த படமாம். அக்கா இரண்டு நாள் அவனோடு பேசவில்லையாம்.

தமிழ் அந்தப் பட்டனில் ஏறியது லேசான வேலையல்ல, குட்டீஸ். 'கொடி' என்று எழுதிப் பாருங்கள். முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கம்ப்யூட்டரின் நினைவிலோ முதலில் க. பிறகே 'ஒ' குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, 'க'வுக்கு இடமும் வலமும் வைக்க வேண்டும். தவறினால் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வந்து முறைக்கும், பார்த்திருப்பீர்கள். 2002ல் வந்த ஜி.டி.கே. 2வது பதிப்பில் இதற்கென்றே 'பாங்கோ' என்ற உதவியாளர் வந்தார். 'பான்' என்றால் கிரேக்கத்தில் எல்லாம். 'கோ' என்றால் ஜப்பானிய மொழியில், மொழி.

இன்னொரு சிக்கல், நீளம். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிவது, தமிழில் பத்து எழுத்து ஆகலாம். பட்டனுக்கு இத்தனை அகலம் என்று ஆணி அடித்துவிட்டால், நம் சொல் பாதியில் வெட்டுப்படும். அதனால் ஜி.டி.கே.யில் பெரும்பாலும் அளவு சொல்வதில்லை. 'இதற்குப் பக்கத்தில் அது' என்று மட்டுமே சொல்வார்கள். உள்ளே இருக்கும் சொல்லுக்கு ஏற்ப பட்டன் தானாகப் பெரிதாகும். பக்கத்தில் உள்ளது நகர்ந்து இடம் கொடுக்கும். நெரிசலான பேருந்தில் பாட்டி ஏறினால் நீங்கள் நகர்ந்து உட்காருவீர்களே, அப்படி!

"யாரு சார் இதைத் தமிழ்ல எழுதினது?"

தமிழ்நாட்டிலும் கடல் தாண்டியும் இருக்கும் தமிழர்கள். சொந்த வேலை முடிந்தபின், ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் கீழே தமிழ் வரியை எழுதிச் சேர்த்தவர்கள். யாரும் எழுதாத வரி, ஆங்கிலத்திலேயே நிற்கும்.

அப்படி நின்றவற்றை அவன் தேட ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டோடு வந்தான். இடப்பக்கம் ஆங்கிலச் சொற்கள், வலப்பக்கம் அவன் தமிழ். 'அன்டூ' என்பதற்கு மட்டும் அம்மாவிடம் கேட்டிருக்கிறான். "தப்பா நட்ட நாத்தைப் புடுங்கிட்டு, முன்ன இருந்தபடி ஆக்குவோமே... அதுவா?" என்றாராம். 'முன்பு இருந்தபடி ஆக்கு' என்று எழுதியிருந்தான்.

"பொருள் சரிதான்டா தம்பி. ஆனா, ஒரு பட்டனுக்கு இவ்ளோ நீளமா?"

"நீங்கதானே சார் சொன்னீங்க... பட்டன் தானா பெருசாகும்னு!"

நோட்டை வாங்கி வைத்திருக்கிறேன். பாஸுக்கு முகம் கொடுத்த 'க்னோம்' திட்டத்தில் ஒரு தமிழ்க் குழு உண்டு. அவர்களுக்கு அனுப்ப வேண்டும். காலையிலிருந்து இங்கே கரண்ட் இல்லை, வரட்டும்.