சீனியும் மணலும்

அரண்மனை முற்றத்தில் பாய் விரித்துச் சீனி காய்கிறது. என்ன அது என்று கேட்ட அரசவைக் கோமாளி அந்தரேயிடம் "மணல்" என்கிறார் அரசர். கொஞ்ச நேரத்தில் அந்தரேயின் மகன், "அம்மா செத்துட்டா" என்று கதறிக்கொண்டு ஓடி வருகிறான். "இனி உன் வாயிலும் மண், என் வாயிலும் மண்" என்று அழுதபடியே அப்பனும் மகனும் சீனியை அள்ளித் தின்கிறார்கள். மணல் என்று சொன்னவர் அரசர்தான். இனி எப்படித் தடுப்பார்?

இலங்கையின் ஊவா மாகாணத்துச் சிங்களக் கிராமங்களுக்கு அந்தரே. மேலே பசறை, ஹாலிஎல, நமுணுகுல தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குத் தெனாலிராமனும் மரியாதைராமனும். கடல் கடந்து வந்த கூலிச் சனத்தோடு வந்தவர்கள். பெரியவனின் சொல்லைப் பிடித்து அவனையே மடக்குவதுதான் அந்தரேயின் வேலையும் தெனாலிராமனின் வேலையும்.

அன்றைய தோட்டத்துக்கு இந்தச் சாமர்த்தியம் தேவைப்பட்டது. துரைக்கு நேரே வாய் திறந்தால் வேலையோடு லயக் காம்பிராவும் போய்விடும். ஆள் கணக்குக்குத் தலைக்காசு வாங்கிய கங்காணி வேறு. அதனால் கேலி பாட்டுக்குள் புகுந்துகொண்டது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களில் கங்காணி படுகிற பாடு கொஞ்சமல்ல. அந்நியர் நுழையக் கூடாத தோட்டங்களுக்குள் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் போனார் என்பார்கள். தெனாலிராமன் கேட்டிருந்தால் மெச்சியிருப்பான்!

1964 இலங்கை–இந்திய ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. கதை சொன்ன பாட்டிமாரும் கப்பலேறினார்கள்.

இன்று பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், நிற்கும் அதிகாரியும் சம்பளக்காரர்தான். கம்பனி இருப்பது கொழும்பில். ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோ கழித்தால், கொழுந்து குறைந்து அரைப்பேர் (பாதி நாள் கூலி) போட்டால், அவரை மடக்கி என்ன பயன்? 2021இல் நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அங்கே குத்தலுக்கு வேலையில்லை, வக்கீல்தான் வேண்டும். பிள்ளைகளின் கேலி டிக்டாக்கில் ஓடுகிறது. அடி வாங்க வேண்டியவர் அதைப் பார்க்கிறாரா என்பது சந்தேகம். ஆனால் "தோட்டக்காட்டான்" என்று யாராவது இழிவாகச் சொன்னால் பிள்ளைகள் சிரித்து மழுப்புவதில்லை, நேரே கேட்கிறார்கள். இது அன்று இல்லாத தைரியம்.

பாட்டுகளுக்கு ஒரு வேலுப்பிள்ளை கிடைத்தார். கதைகளுக்கு நாம்தான். வீட்டில் கதை தெரிந்த அப்பாயி, அம்மாயி இருந்தால், அவர்கள் சொல்லச் சொல்லப் போனில் பதிந்து வையுங்கள். அந்தரே கதையையும் சேர்த்துக் கேளுங்கள்.