குழாய் வழிச் சோறு – 9: ஜன்னலோரத்துப் பை

வாயால் எதுவும் தின்னாமலே, ரத்தக்குழாய் வழியே ஏற்றிய டிரிப்ஸ் உணவிலேயே மருத்துவர் டட்ரிக்கின் நாய்க்குட்டிகள் பிலடெல்ஃபியாவில் வளர்ந்த கதை நினைவிருக்கும். இந்த வாரம் வைட்டமின் டியும் எலும்பும் என்று சொல்லியிருந்தேன். நடுவில் வைட்டமின் ஏ குறுக்கே வந்துவிட்டது. அதை விட மனமில்லை.

நீண்ட நாள் டிரிப்ஸ் உணவிலேயே வாழ்ந்தவருக்கு வைட்டமின் ஏ குறைந்துபோனதை 1980-ல் அமெரிக்காவில் லின் ஹோவர்டும் சக மருத்துவர்களும் பதிவு செய்தார்கள். இப்படிக் குறைந்தால் முதலில் வருவது மாலைக்கண். டிரிப்ஸ் உணவுப் பைக்குள் வைட்டமின் ஏ சேர்க்கத்தானே செய்கிறார்கள், பிறகு ஏன் குறைகிறது? பையில் ஊற்றியதெல்லாம் ரத்தத்துக்குப் போய்ச் சேருவதில்லை. கொஞ்சம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்கிறது. பால்மிடேட் வடிவத்தில் கொடுத்தால் ஒட்டுவது குறையும். மிச்சத்தைச் சிதைப்பது வெளிச்சம்.

எந்த வெளிச்சம் என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அறையின் டியூப்லைட்டால் பெரிய சேதமில்லை. ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம்தான் எதிரி. கொழுப்புக் கரைசல் கலந்து பை பால் நிறமாக இருந்தாலும் முழுக் காப்பு கிடைக்காது. இருட்டில் பார்க்க உதவும் வைட்டமினை வெளிச்சமே அழிக்கிறது! கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் இந்த இழப்பு உடனே தெரியாது. பல மாதம் கழித்து, பொழுது சாய்ந்தபின் வாசற்படி தெரியாமல் தடுமாறும்போதுதான் தெரியவரும்.

சியாட்டிலின் பெல்டிங் ஸ்கிரிப்னரை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1960-ல் டெஃப்லான் குழாயை வைத்து, சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தொடர்ந்து டயாலிசிஸ் செய்ய வழி திறந்தவர். பத்து வருடம் கழித்து 'செயற்கைக் குடல்' என்ற யோசனையோடு வந்தார். நோயாளி ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டாம், டிரிப்ஸ் உணவை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கனவு. இன்று பலரும் இரவில் தூங்கும்போது ஏற்றிக்கொண்டு பகலில் வேலைக்குப் போகிறார்கள். இருட்டில் ஏற்றுவதால் வைட்டமின் ஏவும் தப்புகிறது. ஆனால் பை இறங்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். சியாட்டிலில் ஜூன் மாதம் ஐந்தேகால் மணிக்கெல்லாம் விடிந்துவிடும். கடைசி சில மணி நேரம் வெயிலில்தான். உணவை ஏற்றும் பம்ப்பைக் கையில் கொடுத்து அனுப்பும் எந்த ஆஸ்பத்திரியும் பைக்கு ஒரு ஒளிபுகா உறையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இதில் செலவைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

வைட்டமின் சிக்கு எதிரி வேறு. பைக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதைத் தின்னும். செம்பு கலந்திருந்தால் இன்னும் வேகமாக. பல வீடுகளில் ஏற்றுவதற்குச் சற்று முன் நோயாளியோ வீட்டாரோ கை கழுவி, வைட்டமின் குப்பியை உடைத்துப் பையில் சேர்ப்பது இதனால்தான்.

வைட்டமின் பி1 கதை இன்னும் கொடியது. உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான். அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் லாக்டிக் அமிலம் தேங்கி ரத்தம் புளித்துப்போகும். வைட்டமின் சேர்க்காத டிரிப்ஸ் உணவால் மூவர் இப்படி இறந்ததை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1989-ல் வெளியிட்டது. அங்கே பின்னர் வைட்டமின் ஊசிமருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் இதே ஆபத்து திரும்பியது. அதை விரிவாகவே எழுத வேண்டும்.

எலும்பு அடுத்த வாரம். டொராண்டோவில் சிலருக்கு வைட்டமின் டியை நிறுத்திய பிறகுதான் எலும்பு தேறியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

(தொடரும்)